.40 தோட்டாவுக்கு என்ன ஆச்சு?

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பி.ஜி.எம்.ஐ. ஆடுகிற எந்த ஹாஸ்டல் ரூமுக்குப் போனாலும் இந்தச் சண்டையைக் கேட்கலாம். "9 எம்.எம். போதும்டா, கன்ட்ரோல் ஈஸி" என்று ஒருத்தன் சொல்வான். "போடா, .45 ஏ.சி.பி. அடிச்சா அடிதான்" என்று இன்னொருத்தன் சொல்வான். கேமில் கைத்துப்பாக்கி என்றால் முக்கியமா இந்த ரெண்டு தோட்டாதான். கடைசியில் யாராவது வார்டன் வர்றார்னு சொன்னதும் சண்டை முடிஞ்சிடும்.

நிஜத்தில் இந்த ரெண்டுக்கும் நடுவில் மூணாவதா ஒரு தோட்டா இருந்துச்சு. பெயர் .40 ஸ்மித் அண்ட் வெஸன். 1990-இல் பிறந்தது. பத்தே வருஷத்தில் அமெரிக்காவின் ஏராளமான போலீஸ் துறைகள் அதற்கு மாறின. எஃப்.பி.ஐ.யும் மாறியது. 9 எம்.எம். கதை முடிஞ்சுது என்று பேசினார்கள். இன்னைக்கு நிலைமை அப்படியே தலைகீழ். போலீஸ் துறைகள் திருப்பிக் கொடுத்த .40 துப்பாக்கிகள் அங்கே பழைய சாமான் விலைக்கு வந்தன. புதுசா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 9 எம்.எம். கேட்கிறார்கள்.

துப்பாக்கியைப் பெருமையா பேசுறதுக்காக இதை எழுதலை. உயிரை எடுக்கிற பொருள் அது, அதில் பெருமைப்பட ஒண்ணும் இல்லை. ஆனால் ஒரு தோல்விக்குப் பிறகு இன்ஜினியர்களும் அதிகாரிகளும் என்ன கேள்வி கேட்டார்கள், என்ன தீர்வு எடுத்தார்கள், அது எங்கே இடறியது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரிஞ்சு குறைவு. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும் வருகிற பாடம் இது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதலில் ஒரு வார்த்தை விளக்கம். தோட்டா என்று நான் சொல்றது முழு கார்ட்ரிட்ஜை. அதாவது பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, நுனியில் பறந்து போகிற குண்டு, எல்லாம் சேர்ந்தது. காலிபர் என்பது குண்டின் விட்டம். .45 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு, ஏறத்தாழ 11.4 மில்லிமீட்டர். .40 என்றால் 10 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 9 எம்.எம்.முக்கு விளக்கம் தேவையில்லை.

ஐந்து நிமிஷம் கூட நீடிக்காத ஒரு சண்டை

1986 ஏப்ரல் 11. அமெரிக்காவின் மயாமி நகரம் பக்கம். வங்கிக் கொள்ளையர்கள் இரண்டு பேரை எட்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் காரில் துரத்தி மடக்கினார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு ஏஜென்ட்டுகள் செத்துப்போனார்கள், ஐந்து பேருக்குக் காயம். எட்டு பேருக்கு எதிரா இரண்டே பேர்!

கொள்ளையரில் ஒருவனான மைக்கேல் பிளாட் கையில் ரைஃபிள் இருந்தது. ஏஜென்ட்டுகளிடம் இருந்தது பெரும்பாலும் ரிவால்வரும் 9 எம்.எம். பிஸ்டலும். சண்டையின் ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்.எம். குண்டு பிளாட்டின் வலது கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், நுரையீரலைக் கிழித்தது. அதுவே பிழைக்க முடியாத காயம். ஆனால் குண்டு இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னாடியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் எழுந்து சுட்டான். ஏஜென்ட்டுகளுக்கு நேர்ந்த உயிர்ச்சேதம் அந்தக் காயத்துக்குப் பிறகு நடந்ததுதான்.

இப்போ நீங்க அந்த விசாரணைக் குழுவில் இருக்கீங்க என்று வச்சுக்கோங்க. என்ன கேள்வி கேட்பீங்க? ரைஃபிள் வச்சிருக்கிறவன் முன்னால் கைத்துப்பாக்கியோடு ஏன் போனாங்க? எல்லார் உடம்பிலும் பாதுகாப்புக் கவசம் இருந்ததா? மடக்கின இடம் சரியா? சுட்டதில் எத்தனை பட்டது? இப்படி நிறைய கேட்கலாம். இதில் பலதையும் அவர்கள் பரிசீலிக்கத்தான் செய்தார்கள். ஆனால் எல்லார் மனசிலும் நின்ற கேள்வி ஒண்ணே ஒண்ணு: அந்தக் குண்டு ஏன் இன்னும் ஓர் அங்குலம் போகலை?

யோசிச்சுப் பார்த்தா அது இயல்புதான். கூட வேலை பார்த்தவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த ஓர் அங்குலம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதோடு இன்னொரு காரணமும் இருக்கு. பயிற்சியை மாற்றுவது கஷ்டம், பழக்கத்தை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். பொருளை மாற்றுவது சுலபம், டெண்டர் விட்டா போதும். நம்ம லேபில் ரீடிங் தப்பா வந்தா முதலில் "மீட்டர் சரியில்லை சார்" என்று சொல்றோமே, அதே மனசுதான்.

எஃப்.பி.ஐ. செய்த நல்ல காரியம்

அந்தக் கோபத்தில் அவர்கள் செய்த ஒரு காரியம் ரொம்ப நல்ல காரியம். "எந்தக் குண்டு சக்திவாய்ந்தது?" என்று ஆளாளுக்கு வாயால் அடிச்சுவிடுறதை நிறுத்திவிட்டு, ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள்.

அதுவரைக்கும் இந்தத் துறையில் நடந்த சோதனைகளைக் கேட்டா சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களுக்கு எதிராக .38 ரிவால்வர் எடுபடவில்லை என்ற புகாருக்குப் பிறகு, 1904-இல் அமெரிக்க ராணுவத்தின் தாம்ஸன், லாகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோ கசாப்புக் கூடத்தில் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். முடிவில் .45-க்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1911-இல் .45 பிஸ்டல் ராணுவத்துக்கு வந்தது. மாட்டைச் சுட்டு எடுத்த முடிவின் மேல் முக்கால் நூற்றாண்டு ஓடியது. 1985-இல்தான் அமெரிக்க ராணுவம் 9 எம்.எம்.முக்கு மாறியது.

எஃப்.பி.ஐ. கொண்டுவந்த முறை வேறு. பத்து சதவீத ஜெலட்டின் கட்டி. ஐஸ்க்ரீமிலும் ஜெல்லியிலும் போடுகிற அதே குடும்பத்துப் பொருள்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, 4 டிகிரி செல்சியஸில் உறைய வைப்பார்கள். கட்டி சரியா உறைஞ்சிருக்கா என்று பார்க்க ஒரு சின்ன இரும்பு உருண்டையை குறிப்பிட்ட வேகத்தில் சுட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளப்பார்கள். அளவு தப்பினா அந்தக் கட்டி செல்லாது. காலிப்ரேஷன்! அதற்குப் பிறகு நிஜக் குண்டு. வெறும் கட்டியில் மட்டும் இல்லை, தடித்த துணி, இரும்புத் தகடு, சுவர்ப் பலகை, பிளைவுட், கார் கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டியும் சுடுவார்கள். குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 30 செ.மீ. முதல் 46 செ.மீ. வரை.

ஜெலட்டினில் எலும்பு இல்லை, பயம் இல்லை, ஓடி ஒளிகிற புத்தி இல்லை. அது மனித உடம்பு ஆகாது. ஆனால் இன்னைக்கு ஓஹையோவில் சுட்டாலும் பத்து வருஷம் கழிச்சு டெக்ஸஸில் சுட்டாலும் ஒப்பிடக்கூடிய ஒரு எண் கிடைக்கும். இதை மனசில் வச்சுக்கோங்க. கதையின் கடைசியில் இந்தக் கட்டிதான் வரும்.

எஃப்.பி.ஐ. எடுத்த அவசர முடிவு

சோதனை முறை வந்தாச்சு. அடுத்து தேர்வு. அவர்கள் கை வைத்தது 10 எம்.எம். ஆட்டோ. 1983-இல் வந்த பலசாலித் தோட்டா. முழு பலத்தோடு சுட்டா கை பிடுங்கிக்கொண்டு போகும். துப்பாக்கியும் பெரிசு, சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிடியே எட்டாது. அதனால் எஃப்.பி.ஐ. மருந்தைக் குறைத்து, சாந்தமான ஒரு 10 எம்.எம். கேட்டது.

இங்கேதான் ஒரு அழகான இன்ஜினியரிங் தருணம். மருந்தைக் குறைச்சா கூட்டுக்குள் இடம் காலியா கிடக்கும் இல்லையா? ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். காலி இடம் எதற்கு, கூட்டையே வெட்டிவிடலாமே? 25.2 மில்லிமீட்டர் கூடு 21.6 மில்லிமீட்டர் ஆனது. அந்தக் குட்டைத் தோட்டா 9 எம்.எம். துப்பாக்கி அளவுள்ள பாடிக்குள் அழகா உட்கார்ந்தது. அதான் .40 ஸ்மித் அண்ட் வெஸன், 1990 ஜனவரி. கேலி பண்ணினவர்களும் உண்டு, "குட்டையும் சோப்ளாங்கியும்" என்கிற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். ஆனால் மார்க்கெட் அள்ளிக்கொண்டது. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் .40 கிளாக் 22-ஐ எடுத்தது.

சட்டமும் கை கொடுத்தது. 1994 முதல் 2004 வரை, பொதுமக்களுக்குப் புதுசா விற்கிற மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் மத்தியச் சட்டம் இருந்தது. எதை வாங்கினாலும் பத்துதான் என்றால், பெரிசா பத்து வாங்கலாமே என்று ஆட்கள் நினைத்தார்கள். ஒரு பொருள் பிரபலமாவதற்கு அதன் தரம் மட்டுமே காரணமா இருக்கணும் என்று அவசியம் இல்லை.

சட்டம் எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்கு இத்தாலி இன்னும் நல்ல உதாரணம். ராணுவத் தோட்டா என்பதால் 9 எம்.எம்.மை அங்கே பொதுமக்களுக்கு ரொம்ப காலம் தடுத்து வைத்திருந்தார்கள். அதனால் கூட்டை 19 மில்லிமீட்டரிலிருந்து 21 ஆக நீட்டிய ஒரு தோட்டா அங்கே பிழைத்தது. இரண்டு மில்லிமீட்டர் பித்தளை, அதற்கு ஒரு முழு மார்க்கெட்! நம்ம நாட்டிலும் 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட வகைதான், லைசென்ஸ் வாங்கினவர்களும் .32 மாதிரி அளவுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாலிஸ்டிக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கால்குலேட்டரை எடுங்க

இப்போ ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ். வழக்கமான குண்டுகளை எடுத்துக்கலாம்.

9 எம்.எம்.: சுமார் 8 கிராம், விநாடிக்கு 350 மீட்டர். இயக்க ஆற்றல் 490 ஜூல்.
.40: சுமார் 11.7 கிராம், விநாடிக்கு 300 மீட்டர். 526 ஜூல்.
.45: சுமார் 14.9 கிராம், விநாடிக்கு 255 மீட்டர். 484 ஜூல்.

பார்த்தீங்களா? ஹாஸ்டலில் ராத்திரி முழுக்கச் சண்டை போட்ட விஷயத்தில் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் அடங்கிப் போச்சு. இதே மூன்றுக்கும் உந்தத்தைக் கணக்குப் போடுங்க. 9 எம்.எம்.முக்கு 2.8 கி.கி. மீ/வி, .40-க்கு 3.5, .45-க்கு 3.8. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இந்த உந்தம் உங்க கைக்கும் வரும். கிட்டத்தட்ட அதே ஆற்றலுக்கு, .40 உங்க கையை கால் பங்கு அதிகமா உதைக்குது. அதுவும் .45 மாதிரி கனமான துப்பாக்கியில் இல்லை, 9 எம்.எம்.முக்காகப் போட்ட லேசான பாடியில். அந்த 9 எம்.எம். பாடியில் 17 தோட்டா பிடிக்கும், .40-இல் 15.

உதை அதிகமானா என்ன ஆகும்? துப்பாக்கி பழையபடி குறிக்குத் திரும்ப நேரம் ஆகும். புதுசா பழகுகிறவர்கள் வெடிக்கும் முன்னாலேயே கண்ணை மூடுவார்கள், கையை இழுப்பார்கள். தோட்டா விலையும் அதிகம் என்பதால் பயிற்சியில் சுடுகிற எண்ணிக்கை குறையும். துப்பாக்கி உறுப்புகளும் சீக்கிரம் தேயும். இதில் ஒண்ணுகூட ஜெலட்டின் கட்டியில் தெரியாது. ஏன்னா அந்தச் சோதனையில் குண்டு இருக்கு, கட்டி இருக்கு, சுடுகிற கை இல்லை.

போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு இது முன்னாடியே தெரியும். அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்று ஒரு எண் உண்டு. குண்டின் எடையை (கிரெய்ன் கணக்கில்) வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தா அந்த எண். யூனிட்டை விட்டுப் பார்த்தா அது உந்தமேதான். 165-ஐத் தாண்டினா மேஜர், 125-ஐத் தாண்டினா மைனர். குறி நடுவில் பட்டா இரண்டு பேருக்கும் 5 மார்க்தான். கொஞ்சம் தள்ளிப் பட்டா மேஜருக்கு 4, மைனருக்கு 3. அதற்கும் வெளியே பட்டா 2, 1. இந்தக் கூடுதல் மார்க்குக்காக லிமிடெட் பிரிவில் .40 ரொம்ப நாள் ராஜாவா இருந்தது. ஆனால் எல்லாரையும் மைனராகவே கணக்கில் எடுக்கிற ப்ரொடக்ஷன் மாதிரிப் பிரிவுகள் வந்ததும், அங்கே எல்லார் கையிலும் 9 எம்.எம். கூடுதல் மார்க் இல்லைன்னா கூடுதல் உதையை யாரும் சும்மா வாங்கலை.

திரும்பி வந்த 9 எம்.எம்.

2014-இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு ஒரு அறிக்கை எழுதியது. சாரம் இதுதான். இப்போதைய நல்ல 9 எம்.எம். குண்டு உண்டாக்குகிற காயத்துக்கும் .40, .45 உண்டாக்குகிற காயத்துக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. சுடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 9 எம்.எம்.மில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள். நிஜச் சண்டையில் போலீஸ் சுடுவதில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது. ஆக, முதலில் படணும். அதற்குப் பிறகுதான் எவ்வளவு ஆழம் என்கிற கேள்வி. 2016-இல் எஃப்.பி.ஐ. மறுபடியும் 9 எம்.எம். கிளாக்குக்கு ஒப்பந்தம் போட்டது. மற்ற போலீஸ் துறைகள் பின்னாலேயே வந்தன. 2017-இல் அமெரிக்க ராணுவம் புது பிஸ்டல் தேர்ந்தெடுத்தபோதும் 9 எம்.எம்.மிலேயே நின்றது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. "அப்படின்னா 1986-இல் 9 எம்.எம். சரியாத்தான் இருந்ததா? முப்பது வருஷம் சும்மா சுத்தினாங்களா?" இல்லை. 1986-இன் 9 எம்.எம். குண்டு வேறு, 2014-இன் குண்டு வேறு. பழைய குண்டு சீக்கிரம் விரிந்து சீக்கிரம் நிற்பதற்காகவே செய்தது. நடுவில் ஈயத்தோடு செம்பு உறையை மின்முலாம் பூசியோ வேறு வழியிலோ பிரியாமல் ஒட்டவைக்கிற முறைகள் வந்தன. கண்ணாடியைத் தாண்டினாலும் சிதறாமல், அளவா விரிந்து, 12 அங்குலத்தைத் தாண்டுகிற 9 எம்.எம். குண்டுகள் வந்தன. அவற்றைச் செய்ய வைத்தது எது? அந்த ஜெலட்டின் கட்டி! பாஸ் மார்க் எது என்று தெளிவா எழுதி வைத்ததால், கம்பெனிகள் அதற்காக உழைத்தன. .40-ஐக் கொண்டுவந்த சோதனையே .40 தேவையில்லை என்கிற நிலையையும் கொண்டுவந்தது.

அதனால் என் கருத்து இதுதான். மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. இரண்டு பொருளை உருவாக்கியது: ஒரு தீர்வு, ஒரு சோதனை. தீர்வு ஏறத்தாழ இருபது வருஷம் தாக்குப்பிடித்தது. சோதனை இன்னைக்கும் நடக்குது. அதே சமயம் அந்தச் சோதனையில் மனிதக் கை விட்டுப்போனதால், இத்தனை வருஷம் ஏராளமான போலீஸ்காரர்கள் தங்களுக்குச் சுடக் கஷ்டமான துப்பாக்கியைச் சுமந்தார்கள். தவறின ஒவ்வொரு குண்டும் தெருவில் எங்கேயோ, யார் வீட்டுப் பக்கமோ போகும் என்பதையும் சேர்த்து யோசிங்க. பயன்படுத்துகிற ஆளை சிஸ்டத்துக்கு வெளியே வச்சு டிசைன் பண்ணினா, அந்தச் செலவை யாரோ ஒருத்தர் கொடுத்துத்தான் ஆகணும்.

இப்போ நம்ம கதைக்கு வாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சென்சார், போர்டு, அல்காரிதம் எப்படி எடுக்கிறோம்? போன வருஷம் சீனியர் பண்ணினது சொதப்பிச்சு, அதனால் இந்த வருஷம் அதைவிடப் பெரிசு. இல்லைன்னா எல்லாரும் எடுக்கிறாங்க, நாமும் எடுக்கலாம். ரெவ்யூ அன்னைக்கு ஒரு தடவை ஓடினா போதும் என்று சாமி கும்பிடுறோம். ஓடினது ஏன் ஓடிச்சு, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை ஓடும், நம்ம நாலு பேரைத் தவிர வேற யாராவது தொட்டா ஓடுமா, இதையெல்லாம் எழுதி வைக்கிறதே இல்லை.

நீங்க பண்ற ப்ராஜெக்ட் அஞ்சு வருஷத்தில் பழசாகிடும். அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை, .40-க்கே அதுதான் ஆச்சு. ஆனால் "இதை இப்படிச் சோதிக்கணும், இந்த எண் வந்தா பாஸ், இத்தனை புது ஆட்கள் கையில் கொடுத்துப் பார்க்கணும்" என்று நாலு பக்கம் தெளிவா எழுதி வச்சீங்கன்னா, அடுத்த பேட்ச் உங்களைவிட நல்லதைச் செய்யும். உங்களது வேண்டாம் என்று தூக்கிப் போடவும் அவங்களுக்கு ஆதாரம் கிடைக்கும். தூக்கிப் போடட்டுமே!

போன செமஸ்டர் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. இன்ட்ரொடக்ஷன் எத்தனை பக்கம், டெஸ்டிங் எத்தனை பக்கம்?